நூற்றுப் பதினேழாவது கல்

ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். மடியில் பிஸ்கட் டின் இருக்கிறது, அதில் வெயில் படக்கூடாதாம். ஐயாயிரம் வருஷம் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், வெந்த கல்லை இந்தப் பத்து மணி வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்டால் வேதமாணிக்கம் அண்ணாச்சி டின்னை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஆக நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். இறங்கி ஓடுவதென்றாலும் அவருடைய முழங்காலைத் தாண்டித்தான் ஓட வேண்டும். வண்டி திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியாகிவிட்டது. பாளையங்கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன, ஒரு வரிதானே. அண்ணாச்சி, அந்த அம்புமுனை பழசு இல்லை, நான் செய்தது. இவ்வளவுதான், ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது. மூன்று வருஷமாக நான் விடாத கொட்டாவி. இன்று காலை பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், நுரையோடு, நன்றாகவே வந்தது. கண்டக்டர் வருகிறார். மேல்வரிசையில் இரண்டு பல் கட்டியது, கம்பி தெரிகிறது, யார் செய்ததோ, வெட்கக்கேடு. எனக்குத் தொழில் அதுதான். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் செட் செய்து கொடுப்பேன். கட்டியது எது, முளைத்தது எது என்று கட்டியவன் பெண்டாட்டிக்கே தெரியக்கூடாது, அதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்து பழகிய கை இது. அந்தக் கை சும்மா இருந்திருக்கலாம்.

“ஏ தவசி, தூங்குதியா?” என்கிறார். இல்லண்ணாச்சி என்கிறேன். “அந்தம்மா மொதல்ல என்ன கேப்பாங்கன்னு நெனைக்கே?” எங்கே எடுத்தீங்கன்னு கேப்பாங்க என்கிறேன். “அதான் நோட்டுல இருக்கே” என்று சட்டைப்பையைத் தட்டிக்கொள்கிறார். புதுச் சட்டை. மடிப்பு இன்னும் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே நிற்கிறது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், கம்பத்தில் ஏறி ஏறி இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர், அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த முதல் வெள்ளைச் சட்டை இதுதான் என்று நேற்று அவரே சொன்னார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் தொல்லியல் பேராசிரியை அம்மாவைப் பார்க்க. கைபேசியில் படம் எடுத்து அனுப்ப எப்போது கற்றுக்கொண்டாரோ, யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். எங்கள் வாட்சப் குழுவில் எழுபது பேர் இருக்கிறார்கள், எல்லாம் எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக் கல்பொறுக்கிகள். தினம் நாலு பேர் படம் போட்டு, ஐயா இது கற்கால ஆயுதமா என்று கேட்பார்கள். மூன்று பேருடையது வெறும் ஜல்லியாக இருக்கும். ஒருத்தர் உடைந்த குளியலறை டைல்ஸைப் போட்டு, அதில் பூவேலைப்பாடு தெரிகிறது என்று எழுதினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடி விழுந்த இடத்தில் குமிழ் இருக்கிறதா, அதிலிருந்து அலை அலையாக வரி ஓடுகிறதா, விளிம்பில் வரிசையாகச் சில்லு எடுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது நான்தான். தவசிமுத்து சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர். போன மாதம் அண்ணாச்சி நூற்றுப் பதினேழாவது கல்லை, அந்த அம்புமுனையை, படமெடுத்துப் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. எழுபது பேரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். அனுப்பாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று அனுப்பினேன், பாருங்கள் என் புத்தியை. மறுநாளே யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா அவருக்குப் போன் பண்ணிவிட்டார்கள். இப்படி முள் வைத்த அம்புமுனை, இரண்டு பக்கமும் சில்லு எடுத்தது, அந்தத் தேரியில் கிடைத்தது என்றால் அங்கே முறையாகத் தோண்ட அனுமதி கேட்கலாம், நேரில் கொண்டுவாருங்கள், மற்றதையும் கொண்டுவாருங்கள் என்று. எல்லாம் சேர்த்தால் இருநூற்று ஆறு கல். பதின்மூன்று வருஷம். டின் முழுக்க.

தென்திருப்பேரை வருகிறது. வயலில் கொக்கு. அந்த அம்மாவிடம் மைக்ராஸ்கோப் இருக்கும். நான் செம்புக்கம்பி முனையால் அழுத்திச் சில்லு எடுத்தேன். செம்பு உரசிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு ஒட்டியிருக்கும் என்று பின்னால்தான் எங்கோ படித்தேன். கழுவினேனா? கழுவினேன். தேரிமண்ணையும் புளித்தண்ணீரையும் தேயிலையையும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஊறவும் வைத்தேன். அம்புமுனைக்கு எடுத்த வெங்கச்சாங்கல் வெள்ளையாகத்தான் இருக்கும், தேரியில் கிடந்தால் அந்தச் செம்மண் நிறம் வெடிப்புகளில் இறங்கியிருக்கும், அதற்காக. காற்றும் மணலும் தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கி லேசாகப் பளபளக்கும், அதற்காகப் பல்செட்டுக்குப் பாலிஷ் போடும் மோட்டாரில் மணல் வைத்துக் கொஞ்சம் பிடித்தேன். அதிகம் பிடித்தால் தெரிந்துவிடும் என்று அளவாக நிறுத்தினேன். இவ்வளவு யோசித்தவன் அடுத்த நாளைப் பற்றி யோசிக்கவில்லை. விளையாட்டு என்றுதான் ஆரம்பித்தது. இல்லை, அது பொய். விளையாட்டு என்று சொன்னால் லேசாக இருக்கிறது, அதனால் சொல்லிக்கொள்கிறேன். பாதி இரக்கம், பாதி திமிர். அண்ணாச்சியின் பெண்டாட்டி பொன்னுத்தாய் மதினி இறந்துபோய் ஏழு மாதம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டிவி ஓடும், சத்தம் இருக்காது, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மஸ்கட்டிலிருந்து மகன் போன் பண்ணினால் எடுக்க மாட்டார். நான்தான் போய்ப் போய் நின்று, திட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பைக்கில் ஏற்றி மறுபடியும் தேரிக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஐந்து வாரம், ஒரு சில்லுகூட இல்லை. தேரியும் சேர்ந்துகொண்டு சதி செய்தது. ஐந்தாவது வாரம் பைக்கில் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “இனி வரல தவசி, எல்லாம் முடிஞ்சிட்டு” என்றார். எல்லாம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல்செட் லேபை உள்பக்கம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டுக் கல் உடைந்தது. பத்தொன்பதாவது, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, இரண்டு பக்கமும் முள்ளோடு, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல வந்தது. என் கையா இது என்று இருந்தது. அந்த நிமிஷத்தில் அண்ணாச்சியை நான் நினைக்கவே இல்லை. அதுதான் திமிர்.

தேரியில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கண்டவன் தொடக்கூடாது. செருப்பைக் கழற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவனைக் கூப்பிட வேண்டும். இரண்டு பேரும் குத்தவைத்துப் பார்த்து, எந்தப் பனைக்கு எந்தத் திசையில் எத்தனை எட்டு என்று நோட்டில் எழுதின பிறகுதான் எடுக்கலாம். ஒருத்தன் பார்த்தது கணக்கில்லை, இரண்டு பேர் பார்த்தால்தான் அது கல். இதை ஏற்படுத்தியது அவர்தான். லைன்மேன் அல்லவா, ஆள் கீழே நிற்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது என்று பழக்கம். நான் முந்தின நாள் போய் இரட்டைப்பனைக்கு மேற்கே கல்லைப் போட்டுவிட்டு, என் கால்தடத்தைத் துண்டால் அழித்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தப் பக்கமாக விட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து குனிந்து தேடுகிற மாதிரி நின்றேன். தவசீ என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் செருப்பு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது மனிதர், மண் கொதிக்கிறது, கால் மாற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நிற்கிறார், கன்னமெல்லாம் கண்ணீர். அன்று தேரியை விட்டு இறங்கி டீக்கடையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பது என்றுதான் நான் போட்ட திட்டம். சத்தியமாக அதுதான் திட்டம். ஆனால் அவர் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே, “பொன்னுத்தாய் அனுப்பி வச்சிருக்கா தவசி” என்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நீங்கள் யாராவது சொல்லியிருப்பீர்களா? அதன்பிறகு அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. போனை எடுத்தார். சாப்பிட்டார். தேரியும் மனம் இறங்கி, உண்மையான கல்லாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினெட்டு, பத்தொன்பது என்று இருநூற்று ஆறு வரை. ஒவ்வொன்றும் நிஜம், ஒவ்வொன்றுக்கும் நான் பக்கத்தில் குத்தவைத்திருக்கிறேன். அந்த ஒன்றைத்தான் மதினியின் மோதிரப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறார்.

ஆழ்வார்திருநகரி தாண்டியது எப்போது? முதுமக்கள் தாழி புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பு வந்துவிட்டதே. அண்ணாச்சி எக்கி என் தோளுக்கு மேலாக ஜன்னல் வழியே பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் இப்படிப் பார்ப்பார், கும்பிடாத குறை. செண்ட் வாசனை அடிக்கிறது. செண்ட்டும் போட்டிருக்கிறார். கடவுளே. இப்போது சொல்லலாமா? இப்போது வேண்டாம், இந்த இடத்தில் வேண்டாம். கருங்குளம் வரட்டும். கருங்குளத்தில் ஆள் ஏறும், சத்தமாக இருக்கும், செய்துங்கநல்லூரில் சொல்லலாம். சொல்லாமலே விட்டால் என்ன? ஒருவேளை அந்த அம்மாவுக்கே தெரியாமல் போகலாம். என் வேலை அவ்வளவு மோசமில்லை. தெரியாமல் போனால்? அனுமதி வாங்குவார்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து வெயிலில் குழி போடுவார்கள், கட்டுரை எழுதுவார்கள், கட்டுரையில் வேதமாணிக்கம் என்று பேர் வரும், நாலு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு ஒருத்தர் பார்த்து இது செம்பு என்று சொல்வார், ஏமாற்றுக்காரன் வேதமாணிக்கம் என்று எழுதுவார். தெரிந்துபோனால்? இன்றைக்கே, அந்த அறையிலேயே, புதுச்சட்டையோடு இவர் நிற்கும்போது. இரண்டிலும் செய்தவன் நான், அடி வாங்குகிறவர் அவர். என் பேர் எதிலும் வராது. இதை நினைக்கும்போது ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், ஒரு நொடி, நான் அதைப் பார்த்துவிட்டேன். அந்த நிம்மதியைப் பார்த்தபிறகுதான் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் அவர் மோதிரப் பெட்டியைத் திறந்தார். சிவப்பு வெல்வெட்டில் அது கிடந்தது. அடியில் மையால் நான் எழுதின நூற்றுப் பதினேழு, மை அழியாமலிருக்க அதன் மேல் நகப்பூச்சு, எல்லாக் கல்லுக்கும் அப்படித்தான். “அந்தம்மாகிட்ட போன்லயே சொல்லிட்டேன்” என்றார். “பேரு போடுததா இருந்தா தவசிமுத்து பேரையும் சேத்துப் போடணும்னு. நீ இல்லன்னா நான் தேரிக்கே வந்திருக்க மாட்டேன்லா. மண்ணுக்குள்ள போயிருப்பேன்.”

சொல்லிவிட்டேன். நுரையோடு கண்ணாடி முன்னால் சொன்ன மாதிரி இல்லை. அண்ணாச்சி அது பழசில்ல, நான் செஞ்சது, நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன் என்று ஒரே மூச்சில், பாதி வார்த்தை ஹாரனில் போய்விட்டது, ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. எப்படித் தெரியும் என்றால் பெட்டியை மூடினார். கோபமாக அல்ல, மெதுவாக, சத்தம் வராமல். கண்டக்டர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டுக் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது, அதை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன். “எப்ப செஞ்ச?” என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல என்றேன், பதினெட்டுக் கல்லு உடைஞ்சது என்றேன். அதை எதற்குச் சொன்னேன்? கஷ்டப்பட்டுத்தான் ஏமாற்றினேன் என்று சொல்கிறேனா? “பொன்னுத்தாய் அனுப்புனான்னு சொன்னேனே.” ஆமாண்ணாச்சி. “கேட்டுக்கிட்டுதான நின்ன.” ஆமாண்ணாச்சி. திட்டுவார் என்று பார்த்தேன். கைநீட்டி ஒன்று வைத்தால்கூட நன்றாக இருக்கும். அவர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிற மாதிரி.

வி.எம்.சத்திரம் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது கேட்டார். “வேற எது?”

எனக்குப் புரியவில்லை. என்னண்ணாச்சி என்றேன். “வேற எந்தக் கல்லு நீ போட்டது? எழுவத்தி நாலா? அது ரொம்ப அழகா இருந்துச்சே. நூத்தி அம்பத்தி ரெண்டு? அன்னைக்கு நீதான இந்தப் பக்கம் பாப்போம்ன.” இல்லண்ணாச்சி, அது ஒண்ணுதான், சத்தியமா அது ஒண்ணுதான் என்றேன். “நீ சொல்லுத” என்றார். அவ்வளவுதான். நீ சொல்லுத. மூன்று வருஷமாக நான் பயந்த எதிலும் இது இல்லை. அந்த அம்மா என்ன சொல்வார்கள், குழு என்ன சொல்லும், மஸ்கட் மகன் என்ன சொல்வான் என்று எல்லாம் பயந்தேன், இது தோன்றவே இல்லை. உதடு அசைந்தது இதற்குத்தான். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் தன் செருப்பைப் பார்த்தார், அதன்பிறகு நான் எங்கே நின்றேன் என்று பார்த்தார். இருநூற்று ஐந்து நிஜக் கல்லும் என் ஒரு கல்லால் கெட்டுப்போய்விட்டது. இல்லை என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? என் வாய்தான் இருக்கிறது, அது கெட்ட வாய். இரண்டு பேர் பார்த்தால்தான் கல் என்று சொன்ன மனிதரிடமிருந்து, அந்த இரண்டாவது ஆளை நான் எடுத்துவிட்டேன். வண்டி கிளம்பியது. நான் அழுதேன், சத்தமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பாளையங்கோட்டையில் இறங்கியதும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நிழலில் நின்று, டின்னைத் திறந்து, மோதிரப் பெட்டியிலிருந்து அதை எடுத்து மற்றக் கல்லோடு போட்டு மூடினார். “எதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லாத” என்றார். “மொத்தத்தையும் கொட்டுவோம். அவங்க பிரிக்கட்டும்.” போட்டோவில் அந்த அம்மாவுக்குப் பிடித்ததே அந்தக் கல்தானே என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கல்லூரி வாசலிலிருந்து அந்த அறை வரைக்கும், மாடிப்படி முழுக்க, ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு நடந்தேன்: மாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நாள் எதிலிருந்து ஒளிந்தேனோ அது என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். என் கல்லை மட்டும் பிடித்து வெளியே எறிய வேண்டும். அந்த அம்மாவின் கண்ணுக்கு என் வேலை அரைகுறையாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல் போனால் இந்த மனிதருக்குப் பதின்மூன்று வருஷமும் இல்லை.

பேராசிரியைக்கு நாற்பது வயதிருக்கும். மேசையில் கறுப்புத் துணி விரித்திருந்தார். அண்ணாச்சி எல்லாவற்றையும் அதில் பரப்பினார். “இதுல பழசில்லாதது இருக்கும்மா. எத்தனைன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. நீங்க பாத்துச் சொல்லணும்.” அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். முதலில் நூற்றுப் பதினேழைத்தான் எடுத்தார். படத்தில் பார்த்த ஆசை முகத்தில் தெரிந்தது. லென்ஸில் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். முகத்திலிருந்த ஆசை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அதை இடது பக்கம் தள்ளி வைத்தார், அடுத்ததை எடுத்தார். அண்ணாச்சி உட்காரவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுபத்து நாலை எடுத்தபோது நான் ஒரு எட்டு முன்னால் போனேன், வலது பக்கம் வைத்தார். நூற்று ஐம்பத்திரண்டை எடுத்தபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார், அதுவும் வலது பக்கம். இடையிடையே சிலவற்றைத் துணியின் மேல்மூலைக்குத் தள்ளினார், அது என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசிக் கல்லையும் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இடது பக்கம் ஒரே ஒரு கல்தான் கிடந்தது.

“இது ஒண்ணுதான் இப்ப செஞ்சது” என்றார். “செம்பு இருக்கு. நல்ல கை. மத்ததெல்லாம் பழசு, ஐயா, அருமையான சேகரம்.” பிறகு மேல்மூலையைக் காட்டி, “இந்தப் பதினோரு கல்லு மட்டும் ஆயுதமே இல்ல, தானா உடைஞ்ச வெறும் கல்லு. எப்படிச் சேத்தீங்க?” என்று சிரித்தார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து அந்தப் பதினோரு கல்லையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அது நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணுன தப்பும்மா” என்றார்.

நாங்க என்றுதான் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.